சவுக்கு நாற்று வாங்குமுன் அதன் குலம் அறிக

கடலூர், விழுப்புரம், நாகை, செங்கற்பட்டு மாவட்டங்களின் கடலோரச் செம்மணல், வெண்மணல் நிலங்களில் சிறு விவசாயிகளுக்குக் கைகொடுக்கும் மரப்பயிர் சவுக்கு. கூலியாட்கள் குறைவாகத் தேவைப்படும். ஆடு மாடு அதிகம் கடிக்காது. மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டிப் பணமாக்கலாம். சாரம் கட்டுவதற்கும், பந்தல் காலுக்கும், விறகிற்கும், காகிதக் கூழுக்கும் ஒரே மரம் உதவுகிறது. பெண்ணின் திருமணச் செலவையும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் சவுக்குத் தோப்பை நம்பியே திட்டமிடும் குடும்பங்கள் பல உண்டு.

இத்தகைய பயிரில் ஒரு சங்கடம் இருக்கிறது. நெல்லில் விதை கெட்டுப் போனால் நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்த பட்டத்தில் திருத்திக் கொள்ளலாம். சவுக்கில் நாற்று தவறாக அமைந்துவிட்டால் அது விவசாயிக்குத் தெரிய வருவது மூன்றாம் ஆண்டில்தான். அதற்குள் நிலமும், நீரும், காலமும் செலவாகி விடுகின்றன. ஒரே வரப்பின் இரு பக்கமும், ஒரே மண்ணில், ஒரே மாதத்தில் நட்ட இரு தோப்புகளில் ஒன்று நேராகப் பருத்து நிற்பதையும், மற்றொன்று கோணலும் மெலிவுமாக நிற்பதையும் காணலாம். உரம், தண்ணீர் ஆகியவற்றில் வேறுபாடு இல்லாதபோது, காரணத்தை மரத்தின் பரம்பரையில்தான் தேட வேண்டும்.

மிகப் பழைய குடும்பம்

சவுக்கு, இலைகள் ஊசி போல் இருப்பதால் பைன் மரத்தின் உறவு என்று பலர் கருதுகிறார்கள். அது சரியன்று. இது பூத்துக் காய்க்கும் மரம். ஓக், வால்நட் போன்ற மரங்கள் அடங்கிய பெருங்கிளையைச் சேர்ந்தது. சவுக்குக் குடும்பத்தில் நான்கு பேரினங்களும், தொண்ணூறுக்கு மேற்பட்ட இனங்களும் உள்ளன. முன்பு எல்லாவற்றையும் காசுவரினா என்ற ஒரே பேரினமாகவே வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலிய தாவரவியல் அறிஞர் ஜான்சன் என்பவர் 1980களில் இவற்றை ஆராய்ந்து தனித்தனியே பிரித்தார். நாம் பயிரிடும் சவுக்கு, இன்றும் காசுவரினா என்ற பெயரையே தாங்கியுள்ள சிறிய பேரினத்தைச் சேர்ந்தது. காசுவாரி என்னும் பெரிய பறவையின் தொங்கும் இறகைப் போல் கிளைகள் இருப்பதால் இப்பெயர் வந்தது.

ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா முதலிய கண்டங்கள் ஒன்றாக இணைந்திருந்த காலத்திலேயே இக்குடும்பம் தோன்றிவிட்டது. இப்பொழுது ஒரு சவுக்கு கூட இயற்கையாக இல்லாத அர்ஜென்டினா நாட்டில், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் சவுக்குக் குடும்பக் கிளைகளும் காய்களும் கல்லாகிக் கிடைத்துள்ளன. கண்டங்கள் பிரிந்து, ஆஸ்திரேலியா மெல்ல மெல்ல வறண்டபோது, மழைக்காட்டில் வாழ்ந்த இம்மரம் வறட்சிக்கு ஏற்ப மாறியது.

இலை சுருங்கியது ஏன்?

நாம் சவுக்கின் இலை என்று சொல்வது உண்மையில் இலையன்று. அது பச்சை நிறமான சிறு தண்டு. அதனைக் கணுக்கணுவாக இழுத்துப் பிரிக்கலாம். ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் போல் சுற்றியிருக்கும் நுண்ணிய பற்களே அதன் இலைகள். மழைக்காட்டில் இன்றும் வாழும் ஜிம்னோஸ்டோமா என்ற உறவுப் பேரினத்தில் தண்டின் சுவாசத் துளைகள் வெளியே தெரியும்படி உள்ளன. நம் சவுக்கிலோ அவை தண்டின் ஆழமான வரிப்பள்ளங்களுக்குள் ஒளிந்து கொண்டுள்ளன. உப்புக்காற்றும் வெயிலும் அடித்தாலும் நீர் வீணாவதில்லை.

இதனுடன் மற்றொரு வசதியையும் இக்குடும்பம் பெற்றது. பிராங்கியா என்னும் நுண்ணுயிர் வேரில் குடியேறி, பவழக் கொத்துப் போன்ற முடிச்சுகளை உண்டாக்கிக் காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்திற்குத் தருகிறது. நிலக்கடலை வேரிலுள்ள முடிச்சைப் போன்றதே இது; ஆனால் அதில் வாழும் நுண்ணுயிர் வேறு. சத்தற்ற மணலிலும் சவுக்கு செழிப்பதன் இரகசியம் இதுதான்.

பற்களை எண்ணிப் பாருங்கள்

தமிழகத்து விவசாயிக்கு முக்கியமானவை இரண்டு இனங்கள்.

முதலாவது, நாட்டுச் சவுக்கு என்று வழங்கும் காசுவரினா ஈக்விசெடிபோலியா. பெயரில் நாடு இருந்தாலும் இது வந்த மரம்தான். பர்மா, தாய்லாந்து, மலேசியா கடற்கரைகள் முதல் ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரந்து கிடக்கும் கடலோர மரம். இதில் ஆண் பூ மட்டும் பூக்கும் மரங்களும், காய் மட்டும் காய்க்கும் பெண் மரங்களும், இரண்டும் கொண்ட மரங்களும் உண்டு.

இரண்டாவது, ஜங்குனியானா. இது இந்தோனேசியாவுக்கு உரியது. ஜாவா தீவில் எரிமலைகளின் உயர்ந்த சரிவுகளிலும், திமோர் தீவில் தாழ்ந்த நிலங்களிலும் வளர்கிறது. இதில் ஆண் வேறு, பெண் வேறு. தண்டு நேராக, கிளை மெல்லியதாக இருக்கும். களிமண்ணையும் வறட்சியையும் நாட்டுச் சவுக்கைவிட நன்றாகத் தாங்கும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய வழி உண்டு. ஊசித் தண்டின் ஒரு கணுவை இழுத்து, பூதக்கண்ணாடி ஒன்றினால் பற்களை எண்ண வேண்டும். நாட்டுச் சவுக்கில் பொதுவாக 7 அல்லது 8 பற்கள் இருக்கும். ஜங்குனியானாவில் 9 முதல் 11 வரை இருக்கும். இரண்டின் கலப்பினம் இடைப்பட்டிருக்கும் என்பதால், பற்களைக் கொண்டு மட்டும் கலப்பினத்தை உறுதி செய்ய முடியாது. ஆனால் ஜங்குனியானா என்று சொல்லி நாட்டுச் சவுக்கை விற்றால் கண்டுபிடித்து விடலாம்.

வந்த விதை சிறிது

நம் நாட்டில் சவுக்குத் தோப்புகள் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். புகைவண்டி எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டதால் 1860களில் சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கு நடப்பட்டது. மேற்குக் கரையில் கார்வார் பகுதியிலும் அதே காலத்தில், 1868 வாக்கில் நட்டார்கள். எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறிய பின்னும் சவுக்கு நம்மை விட்டுப் போகவில்லை. விவசாயிகள் அதைத் தங்கள் பயிராக்கிக் கொண்டார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கடல் கடந்து வரும் விதை, தாயகத்தில் உள்ள பல்லாயிரம் மரங்களின் குணங்கள் அனைத்தையும் கொண்டு வருவதில்லை. சில மரங்களின் விதையே வருகிறது. அதன் பிறகு நாமும் அதையே செய்தோம். தோப்பு வெட்டும்போது கையெட்டும் இரண்டு மூன்று மரங்களில் காய் பறித்து, அதையே அடுத்த நாற்றங்காலுக்கு விதைத்தோம். ஒரு கிலோ விதையில் பல இலட்சம் விதைகள் இருப்பதால், இரண்டு மரங்களின் விதை ஓர் ஊருக்கே போதுமானதாகி விடுகிறது. அந்த ஊர்த் தோப்புகளெல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கை மரங்களாக நின்று, அடுத்த தலைமுறையில் தங்களுக்குள்ளேயே காற்றின் வழி மகரந்தம் மாற்றிக் கொள்கின்றன.

மாடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே பொலிகாளையை அதன் கன்றுகளுக்கே விட்டால் என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரியும். கன்று சிறுத்துவிடும்; நோய் எளிதில் பற்றும். மரத்திலும் உறவுக் கலப்பு அவ்வாறே செய்கிறது. வளர்ச்சி குன்றுகிறது, தண்டு கோணுகிறது, மரத்துக்கு மரம் பருமன் வேறுபடுகிறது.

தாயகத்து விதை வந்தது

இக்குறையைப் போக்க, 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அறிவியல் நிறுவனம் முன்னின்று, நாட்டுச் சவுக்கின் தாயகப் பகுதிகளிலும், அது பயிரிடப்படும் நாடுகளிலும் விதை சேகரித்துப் பல நாடுகளில் ஒப்பீட்டுத் திடல்கள் அமைக்க ஏற்பாடு செய்தது. இந்தியாவில் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இப்பணியில் பங்கேற்றது. எல்லாம் ஒரே இனத்து விதைதான். ஆயினும் ஊருக்கு ஊர் பெரும் வேறுபாடு தென்பட்டது. தாய்லாந்து, மலேசியா போன்ற தென்கிழக்கு ஆசியக் கரைகளிலிருந்து வந்த விதைகள் பல இடங்களில் விரைந்து வளர்ந்தன. ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் குட்டையாக வளரும் கிளை இனம் பின்தங்கியது. நேர்த்தண்டு, கிளையின் தடிமன், பூக்கும் வயது ஆகிய அனைத்திலும் வேறுபாடு இருந்தது.

இத்தகைய திடல்களில் தேர்ந்த மரங்களைக் கொண்டு விதைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. பல குலத்து மரங்கள் கலந்து நிற்பதால், விதைத் தோட்டத்து விதையில் உறவுக் கலப்பு குறைவு. விலை சற்றுக் கூடுதலானாலும் அவ்விதை விவசாயிக்கு இலாபமே. ஓர் ஏக்கருக்குத் தேவையான சில ஆயிரம் நாற்றுகளுக்கு விதைச் செலவு மிகச் சிறிய தொகை. நான்கு ஆண்டுப் பாட்டிற்கு முன் அது ஒரு பொருட்டன்று.

தாய்லாந்தின் ஆண் மரம்

கலப்பினத்தின் கதை சுவையானது. சுமார் 1900ஆம் ஆண்டு வாக்கில் இந்தோனேசியாவிலிருந்து தாய்லாந்துக்கு வந்த சவுக்குகளில், நாட்டுச் சவுக்கும் ஜங்குனியானாவும் தாமாகவே கலந்த ஆண் மரம் ஒன்று நேர்த்தியாக வளர்ந்தது. ஆண் மரமாதலால் அதில் விதை கிடையாது. தாய்லாந்து மக்கள் அதன் கிளைகளை வேர்விடச் செய்து பெருக்கினார்கள். 1950களின் தொடக்கத்தில் அது தமிழகத்திற்கும் வந்தது.

இரு இனங்களும் எளிதில் கலக்கும் என்பதை அறிந்த விஞ்ஞானிகள், பின்னர் தேர்ந்த தாய் தந்தை மரங்களைக் கொண்டு கைமுறை மகரந்தச் சேர்க்கை செய்தார்கள். அவற்றின் சந்ததியில் சிறந்தவற்றைப் பொறுக்கி, கொழுந்துத் தண்டுகளை வேரூக்கித் தூளில் தோய்த்து, ஈரப்பதம் மிக்க கூண்டில் வேர்விடச் செய்து குளோன் கன்றுகளாகப் பெருக்குகிறார்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் காகித ஆலைகளும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. இன்று விவசாயிகள் வாங்கும் கன்றுகளில் இவை முக்கிய இடம் பெற்றுள்ளன.

ஜங்குனியானா இரத்தம் சேர்வதால் ஒரு பெரிய நன்மை உண்டு. நாட்டுச் சவுக்கைத் தாக்கும் கொப்புளப்பட்டை நோயில், பட்டை கொப்புளித்து வெடித்து, உள்ளே கரி போன்ற பூசணத்தூள் காணப்படும். மரம் உச்சியிலிருந்து காய்ந்து மடியும். ஜங்குனியானா இந்நோயைத் தாங்கும் தன்மை உடையது.

ஒரே நகல், ஒரே ஆபத்து

இவ்வளவு நன்மைகள் இருக்கையில் ஒரே ஒரு சிறந்த குளோனை எல்லா ஏக்கரிலும் நட்டால் என்ன என்று கேட்கலாம். இங்குதான் எச்சரிக்கை தேவை.

குளோன் கன்று என்பது தாய்மரத்தின் அச்சு நகல். ஆயிரம் கன்று நட்டாலும் பரம்பரைக் கணக்கில் அது ஒரே மரம்தான். தாய்மரத்தின் நேர்த்தண்டும் விரைந்த வளர்ச்சியும் ஆயிரத்திலும் இருக்கும். அதன் பலவீனமும் ஆயிரத்திலும் இருக்கும். அந்தப் பலவீனத்தை அறிந்த நோய் ஒன்று வந்தால், ஒரு மரத்தை வீழ்த்திய அதே வழியில் எல்லாவற்றையும் வீழ்த்திவிடும்.

இதற்குச் சான்று சீனாவில் இருக்கிறது. அந்நாட்டின் தென்கடற்கரையில் மணல் பறப்பதையும் புயலையும் தடுக்க 1950கள் முதல் நீண்ட சவுக்கு அரண்கள் எழுப்பப்பட்டன. பின்னர் சில குளோன்களே பெருமளவில் நடப்பட்டன. தக்காளி, கத்தரியை வாடச் செய்யும் அதே ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வேர் வழியே புகுந்து அங்கு பெருஞ்சேதம் விளைவித்தது. பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவில் 2002 முதல் சவுக்கு மரங்கள் காய்ந்து மடிவது கவனிக்கப்பட்டது. அங்கும் நோயுற்ற மரங்களில் இந்த பாக்டீரியா கண்டறியப்பட்டது.

நோய் மட்டுமன்று. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை இப்பகுதி விவசாயிகள் மறக்கவில்லை. பலாவும் முந்திரியும் சாய்ந்ததுபோல் சவுக்கும் சாய்ந்தது. புயலும் வறட்சியும் நோயும் மாறி மாறி வரும் கடற்கரையில், எல்லாப் பணத்தையும் ஒரே சுருக்குப் பையில் முடிந்து வைப்பது அறிவுடைமை ஆகாது.

சவுக்கின் மரபணுத் தொகுதி முழுவதும் 2019இல் படித்து வெளியிடப்பட்டது. சுமார் 30 கோடி எழுத்துகள் கொண்ட அது, நெல்லின் தொகுதியைவிடச் சிறியது. உப்பையும் வறட்சியையும் தாங்கும் குணங்களை இனி விரைவாகத் தேடலாம். ஆனால் தேடுவதற்குப் பலவகை மரங்கள் நிலத்தில் நிற்க வேண்டும். அழிந்துபோன குலத்தை எந்த ஆய்வுக்கூடமும் திரும்பத் தர இயலாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. கன்று வாங்கும்போது நாட்டுச் சவுக்கா, ஜங்குனியானாவா, கலப்பினக் குளோனா என்பதையும், குளோனின் எண்ணையும் கேட்டு இரசீதில் எழுதி வாங்க வேண்டும். எண் சொல்லத் தயங்கும் இடத்தில் வாங்காதிருப்பது நல்லது.

2. ஒரே குளோனை முழு நிலத்திலும் நட வேண்டாம். ஓர் ஏக்கரை மூன்று நான்கு பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்கு ஒரு குளோன் வீதம் நடலாம். வேகமாக வளர்வதையும் மெதுவாக வளர்வதையும் ஒரே வரிசையில் கலந்தால் ஒன்று மற்றொன்றை நசுக்கிவிடும். பட்டைகளாக நட்டால் அந்தத் தொல்லை இல்லை. வேர் வழியே பரவும் நோய் ஒரு பட்டையில் தோன்றினாலும் அடுத்த பட்டைக் குளோன் அதைத் தாங்கி நிற்க வாய்ப்புண்டு. எந்தக் குளோன் தம் மண்ணுக்கு ஏற்றது என்பதையும் விவசாயி தாமே ஒப்பிட்டு அறியலாம்.

3. கலப்பினத் தோப்பில் காய்த்த விதையை விதைக்க வேண்டாம். கலப்பின நெல்லின் விதையை மறுபடி விதைத்தால் கதிர் ஒரே சீராக வராதது போல, இங்கும் நாற்றுகள் பலவிதமாகப் பிரிந்துவிடும். நான்கு ஆண்டுக்குப் பின் பாதி மரம் கம்புக்கும் உதவாது.

4. நாட்டுச் சவுக்கில் சொந்தமாக விதை எடுப்பவர்கள் இரண்டு மூன்று மரத்தோடு நிற்கலாகாது. குறைந்தது 25 முதல் 30 மரங்களில், பல தோப்புகளிலிருந்து, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பனவாகப் பார்த்துச் சம அளவு காய் எடுத்துக் கலக்க வேண்டும். தனி ஒருவரால் இது முடியாது. நாலைந்து ஊர் விவசாயிகள் சேர்ந்தால் எளிது. நேரான தண்டு, மெல்லிய கிளை, நோயின்மை ஆகிய மூன்றும் உள்ள மரங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். கையெட்டும் குட்டை மரத்தில் காய் பறிப்பது எளிது. அதனாலேயே குட்டை மரத்தின் குலம் பெருகுகிறது.

5. பச்சை நிறம் மாறிப் பழுப்பு ஏறும் சமயத்தில் காயைப் பறித்து, மெல்லிய துணியால் மூடி வெயிலில் உலர்த்தினால் விதை உதிரும். நன்கு உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். மேட்டுப்பாத்தியில் விதைத்த பின் எறும்புகள் விதையைத் தூக்கிச் செல்லாமல் காவல் வேண்டும்.

6. முன்பு சவுக்கு இல்லாத நிலத்தில் நடுவதாயின் நாற்றங்காலிலேயே பிராங்கியாவைக் கொடுக்க வேண்டும். நோயற்ற பழைய தோப்பில் புதிய வேர்முடிச்சுகளை எடுத்துக் கழுவி, நசுக்கி, நீரில் கரைத்து நாற்றுகளுக்கு ஊற்றலாம். வாடல் கண்ட தோப்பிலிருந்து முடிச்சோ மண்ணோ எடுக்கவே கூடாது.

7. பட்டை கொப்புளித்த மரத்தையும், திடீரென வாடிய மரத்தையும் உடனே வேரோடு அகற்றி எரித்து, அவ்விடத்தைச் சுற்றிச் சிறு அகழி வெட்டிப் பிரித்துவிட வேண்டும். தோப்பில் பெரும்பாலானவை மடிந்து சில மட்டும் பசுமையாக நின்றால், அவற்றை வெட்டிவிடாமல் வன ஆராய்ச்சி நிலையத்தாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நாளைய ரகத்தின் தாய்மரம் அந்தச் சிலவற்றில் இருக்கக் கூடும்.

8. தோப்பு முழுவதையும் வெட்டும்போது நல்ல மரங்கள் ஐந்தாறை வரப்போரம் விட்டு வைக்கலாம். அவற்றின் விறகு விலை சொற்பம். பல ஊர்களில் பலர் இவ்வாறு விட்டு வைத்தால் அதுவே நாட்டுச் சவுக்கின் விதைக் களஞ்சியமாகும்.

கண்டங்கள் பிரிந்தபோதும், மழைக்காடு பாலையானபோதும் சவுக்கு பிழைத்து வந்தது அதன் பலவகைக் குலத்தினால். சில மரம் வறட்சியில் மடிந்தது. சில மரம் தாங்கியது. தாங்கியதன் விதை நிலைத்தது. விவசாயியின் ஓர் ஏக்கரிலும் அதே கணக்குதான் நடக்கிறது. விரைந்து வளரும் குளோனை நட்டு இலாபம் பெறுவது சரியே. அதோடு ஒன்றுக்கு மூன்று குளோன் நடுவதும், வரப்போரம் சில தாய்மரங்களைக் காப்பதும் நான்காம் ஆண்டு வருமானத்திற்கு விவசாயி தாமே செய்து கொள்ளும் காப்பீடு ஆகும்.